பொன்னாடைக்குப் பின்னால் நிற்கும் நூலகர்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். நெல்லிக்குப்பமோ பண்ருட்டியோ சிதம்பரமோ, கடலூர் மாவட்டத்தின் எந்தக் கிளை நூலகமானாலும் விழா ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். வாசகர் வட்டத் தலைவர் தலைமை, ஊர்ப் பிரமுகர்கள் முன்னிலை, புதிதாகச் சேர்ந்த புரவலர்களுக்குப் பாராட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி ஓவியப் போட்டிப் பரிசுகள், மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் பொன்னாடை. நூலகர் வரவேற்புரை சொல்வார், இல்லையென்றால் நன்றியுரை. அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருடைய பெயர் இருக்கும். புத்தகத்தின் பெயர் ஒன்றுகூட இருக்காது.

இதைக் கேலி பேசுவது சுலபம். ஆனால் நூலகத்துக்குத் துணையாக ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைக்கும் இந்த வாசகர் வட்டம் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்று முதலில் நேர்மையாகக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்த பணத்தை உள்ளாட்சிகள் நிலுவையில் வைப்பது பழைய கதை. வந்த பணத்திலும் சம்பளமும் மின்கட்டணமும் போக என்ன மிஞ்சும்? ஓடு ஒழுகினால் ஆணைக்குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வட்டத் தலைவருக்கு ஒரு போன் போட்டால் மறுநாளே தார்ப்பாய் வந்துவிடும். மின்விசிறி, நாற்காலி, பீரோ, சில ஊர்களில் கட்டடத்துக்கான மனைகூட இப்படி வந்ததுதான். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015-ல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் இது சின்ன உதவி இல்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகும் மளிகைக் கடைக்காரர் நூலகத்துக்குள் நுழைந்ததே இல்லை என்பதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. கட்டடத்துக்குத் துணை என்ற அளவில் வாசகர் வட்டம் தேறிவிடுகிறது.

ஆனால் அது கட்டடக் குழு அல்ல. வட்டத்தால் யாராவது ஒருவர், தானாக எடுத்திருக்க மாட்டாத ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாரா? அங்கே பேசப்பட்ட பேச்சில் ஊரின் சங்கதி ஏதாவது இருந்ததா? என் உரைகல் இதுதான்.

மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு கிளை நூலகத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். வாசலை ஒட்டிய மேசையில் பெரியவர்கள் நாளிதழ்களைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே சுவரோரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். ஓர் அம்மா வந்து, "மேடம், புதுசா ஏதாச்சும் வந்துருக்கா?" என்பார். "அந்த ரேக்ல இருக்கும்மா, பாத்து எடுத்துக்குங்க" என்று பதில் வரும். அந்த அம்மா வழக்கமாக எடுக்கும் குடும்ப நாவலையே எடுத்துவருவார். அதன் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டு முத்திரை குத்தக் குத்த நிறைந்து, மேலே இன்னொரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே அடுக்கில் இரண்டு புத்தகம் தள்ளி இமையத்தின் 'செல்லாத பணம்' இருக்கலாம். 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல், எழுதியவர் இதே மாவட்டத்துக்காரர். அப்படிப்பட்ட புத்தகங்களின் தேதிச் சீட்டு பெரும்பாலும் வெள்ளையாகத்தான் கிடக்கும்.

அந்த நாவல் நடப்பது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காய வார்டில். கருகிப்போன மகளுக்காகப் பெற்றவர்கள் வார்டு வாசலில் காத்துக் கிடக்கும் கதை. நெல்லிக்குப்பத்தில் ஒரு முறையாவது ஜிப்மருக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு ஓடாத குடும்பம் எத்தனை இருக்கும்? "இது ஜிப்மர்ல, தீக்காய வார்டுல நடக்குற கதைம்மா, படிச்சுப் பாருங்க" என்று நூலகர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவின் கை அங்கே போகும். விருதுப் பட்டியல் அதைச் செய்யாது. வட்டத் தலைவரின் சிறப்புரையும் செய்யாது. அந்த ஒரு வார்த்தை சொல்ல நூலகர் அதைப் படித்திருக்க வேண்டும். என் வழக்கு மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும்.

இது புதிய யோசனையும் இல்லை. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகம் முழுக்க நூலகப் படிப்பில் பாலபாடம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் உண்டு என்பது அதில் இரண்டாம் மூன்றாம் விதிகளின் சாரம். இரண்டையும் சேர்த்துவைக்க அவர் நம்பியது பட்டியலை மட்டும் அல்ல; வாசகரோடு பேசி, தேவையை அறிந்து எடுத்துக் கொடுக்கும் ஆளை. அதற்கென்று தனிப் பணியாளர்களையே நியமித்தார். இன்று அவர் பெயரில் ஆண்டுதோறும் நல்நூலகர் விருது கொடுக்கிறோம். எத்தனை உறுப்பினர் சேர்த்தார், எத்தனை புரவலர் பிடித்தார் என்பதற்கெல்லாம் பதிவேடு இருக்கிறது. எத்தனை பேரோடு புத்தகம் பேசினார் என்பதற்கு ஒரு பதிவேடும் கிடையாது.

நூலகர்கள் பதில் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஒரே ஆள் திறந்து, கூட்டி, நாளிதழ் அடுக்கி, புத்தகம் கொடுத்து வாங்கி, சந்தா வசூலித்து, புள்ளிவிவரம் அனுப்பி, சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, பக்கத்து ஊர் நூலகத்துக்கும் கூடுதல் பொறுப்புப் பார்க்கும் நிலை. ஊர்ப்புற நூலகர்களோ சம்பளத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். இவர்களிடம் போய் நாவல் படிக்கவில்லையா என்று கேட்பது கொஞ்சம் கொழுப்புத்தான். ஆனாலும் இந்தப் பதில் பாதி உண்மை. வேலைப் பளு காரணம் என்றால் ஆள் கூட்டமே இல்லாத நண்பகலில் பேச்சு நடந்திருக்க வேண்டுமே. நடக்காததற்குக் காரணம், படிப்பதும் பேசுவதும் தங்கள் வேலை என்று அவர்களிடம் யாரும் சொல்லாததுதான். பணி நேரத்தில் மேசையில் நாவலை விரித்து வைத்திருக்கும் நூலகரை ஆய்வுக்கு வரும் அதிகாரி என்ன கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தடை இதைவிடக் கனமானது. புத்தகத்தை உண்மையாகப் பேச ஆரம்பித்தால் ஊர் உள்ளே வந்துவிடும். இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் மேல் கீழை இப்படி எழுதலாமா என்று பெரிய வாக்குவாதம் கிளம்பியது. அதே எழுத்தாளரின் 'பெத்தவன்', சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தகப்பனின் கதை. இது எங்கோ நடப்பதல்ல. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த இணையர் 2003-ல் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் 2021-ல்தான் அதில் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு ஆண்டு. 'பெத்தவன்' கதையை இந்த மாவட்டத்து நூலகத்தில் காலனிக்காரரும் ஊர்க்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதென்றால் நூலகருக்குப் பயமாகத்தான் இருக்கும். வட்டத் தலைவருக்கு அதைவிடப் பயம். ஆகவே திருக்குறளின் பெருமை, வாசிப்பின் அவசியம், அப்துல் கலாம் என்று யாருக்கும் வலிக்காத தலைப்புகளில் விழா முடிகிறது.

நூலகர் நடுநிலையாக இருக்க வேண்டியவர், அவர் ஏன் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய விருப்பு வெறுப்பு புத்தக அடுக்கில் ஏறிவிடும் என்ற அச்சம் நியாயமானது. எல்லாப் புத்தகத்தையும் வைத்திருப்பதில் அவர் நடுநிலை காக்கட்டும். ஒன்றைப் பற்றியும் பேசாமல் இருப்பது நடுநிலை ஆகாது. கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை. படித்துவிட்டு வந்து, முதல் கேள்வியைப் போட்டால் போதும்.

சண்டை வந்தால் என்ன கெட்டுப்போகும்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்லும் முடிவை வாசகர்கள் ஏற்கவில்லை, எதிர்ப்பு குவிந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்ததில் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது, அதற்கு 1972-ல் சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் படிக்கிறவர்கள், பேசுகிறவர்கள், எதிர்த்து வாதாடுகிறவர்கள் நடுவே வளர்ந்து எழுத்தாளரானார். அன்று அவருக்குக் கட்சி அலுவலகம் செய்ததை இன்று ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ கிளை நூலகம் செய்கிறதா என்பதுதான் வாசகர் வட்டத்தின் முன் வைக்க வேண்டிய கேள்வி.

சொன்னால் சிரிப்பு வரும்: ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். 24 ஜெயகாந்தன் பிறந்தநாள். 25 புதுமைப்பித்தன் பிறந்தநாள், அவர் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். நாள்காட்டியே மூன்று நாள் கூட்டத்தை இந்த மாவட்டத்துக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த நாட்களிலும் இன்னார் நம் மண்ணில் பிறந்தார் என்று பெருமைப்படுவதோடு பேச்சு நின்றுவிடுமானால் அவர்கள் இங்கே பிறந்ததில் நமக்கு என்ன லாபம்?

பேசுவதற்கான புத்தகங்கள் நூலகத்துக்கு வந்துசேரும் கொள்முதல் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. பக்கத்தை எண்ணி ஃபாரக் கணக்கில் விலை போட்டு வாங்கிய காலத்தில், நூலக ஆணைக்காகவே அச்சான புத்தகங்கள் அலமாரிகளை அடைத்தன. 2024-ல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை வந்தது நல்ல மாற்றம். ஆனால் வாசகரோடு பேசாத நூலகரால் ஊருக்கு எது வேண்டும் என்று மேலே சொல்ல முடியாது. கட்டுப் பிரிக்கிற அன்றுதான் என்ன வந்திருக்கிறது என்று அவருக்கே தெரிகிறது.

போட்டித் தேர்வுப் பிள்ளைகளை ஒரு சுமையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகராட்சிகள் அறிவுசார் மையங்கள் கட்டுவதும் அவர்களை நம்பித்தான். நூலகம் என்றால் படிப்பதற்கு ஓர் அமைதியான இடம் என்று அரசே முடிவுக்கு வந்துவிட்டதோ என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் இன்று நாள் முழுக்க நூலகத்தில் இருப்பது அவர்கள் மட்டும்தான். பொதுத் தமிழ்த் தாளுக்கு ஜெயகாந்தனின் நூற்பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம், அதில் ஒன்றைப் படித்த நூலகர் அரை மணி நேரம் பேசினால் வட்டத்துக்குப் புது ஆள் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஆக, இன்றைய வடிவில் வாசகர் வட்டம் நூலகக் கட்டடத்துக்கு நல்ல துணை, வாசிப்புக்குப் பயனில்லாதது. கலைக்கச் சொல்ல மாட்டேன். புரவலர் சேர்ப்பும் விழாவும் தலைவரிடமே இருக்கட்டும். மாதம் ஒரு புத்தகம், அதை எடுத்துப் பேசுபவர் நூலகர் என்று ஒரு கூட்டத்தை அவருடைய பணியாகவே ஆக்க வேண்டும். அதற்குப் படிக்கும் நேரத்தைப் பணி நேரத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டம் கேட்கும் புத்தகங்களை ஆணைக்குழு வாங்கித் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, புதுசா ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்காமல், "சார், நீங்க கடைசியா படிச்ச புத்தகம் எது?" என்று கேளுங்கள்.