பல்லாங்குழிக்கு ஒரு பதிப்பகம்

மலேசியாவின் சூலியா தெருவில் ஒரு தோழியின் வீட்டுக் கூடத்தில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒன்று படகு வடிவிலான மலாய்ச் சொங்காக். மற்றது சென்னையிலிருந்து வந்த பல்லாங்குழி.

2002இல் வினிதா சித்தார்த்தா சென்னையில் தொடங்கிய கிரீடா ஒரு சிறு நிறுவனம். பல்லாங்குழி, பரமபதம், ஆடு புலி ஆட்டம் என்று நம் பழைய ஆட்டங்களை விதிகளோடு பெட்டியில் போட்டுத் தருகிறது. அந்த விதிகள்தான் எனக்குப் பெரிது. பல்லாங்குழிக்கு ஊருக்கொரு முறை, வீட்டுக்கொரு முறை. பாட்டி சொல்லித் தந்தால்தான் உண்டு. அதை எழுத்தில் இறக்குவது அசலான பதிப்புப் பணி.

வழக்கமான பலகை இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. சொங்காக்கில் கூடுதலாக இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய வீடு. குழிக்கு ஏழாக 98 காய்கள். முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். என்ன கலகலப்பு! பல்லாங்குழியில் முறை வைத்துத்தான் ஆட வேண்டும், ஆனால் கண் அசரக் கூடாது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளிவிட வேண்டும்; விட்டால் போச்சு. வெறுங்குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுகிற விரல் வீச்சுக்காகவே நாள் முழுக்க ஆடலாம்.

1989இல் வந்த பத்து சென் காசில் சொங்காக் பலகையைப் பொறித்த நாடு மலேசியா. பல்லாங்குழிப் பெட்டிகளும் இந்தத் தெருக் கடைகளில் அடுக்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.