கண்ணிமைக்குள் ஒரு கணக்கு

உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை. அதில் ஐந்து ஆட்டுக் கண்கள், அடர்சிவப்பிலிருந்து வெளுப்பு வரை. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலனின் யோசனையில் 1990களில் உருவான ஃபமாச்சா அட்டை இதுதான்.

செம்மறியின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு ஒன்று, நாளுக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஐயாயிரம் புழுக்கள் இருந்தால் கால் லிட்டர்! மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து புகட்டியே பழகியதில், மருந்துக்கு அசையாத புழுக்களே பெருகின.

அட்டை அந்தப் பழக்கத்தை மாற்றியது. பகல் வெளிச்சத்தில் மேலிமையை மெல்ல அழுத்திக் கீழிமையை இறக்கினால் உள்சவ்வு பிதுங்கித் தெரியும். ரத்தம் குறையக் குறைய அது வெளுக்கும்; அதன் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும். நான்கு, ஐந்து என்றால் மருந்து. ஒன்று, இரண்டு என்றால் வேண்டாம். மூன்றுதான் சிக்கல். குட்டியா, சினையா, மழைக்காலமா என்று பார்த்து, மருத்துவரும் பண்ணையாரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். மருந்து படாத ஆடுகளின் புழுக்கள் மருந்துக்குக் கட்டுப்படும் வம்சத்தை மேய்ச்சல் நிலத்தில் காத்துவைக்கின்றன. சில புழுக்களை வேண்டுமென்றே வாழவிடும் இந்தத் துணிச்சல்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

கண் திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆட்டைக் குறித்துவைத்து, அதன் குட்டிகளை இனவிருத்திக்கு விடாமல் கழிக்கிறார்கள். புழுவைத் தாங்கும் திறனும் பரம்பரையாக வருவதே. வெயில் பட்டால் அட்டையின் சாயமும் வெளுக்கும். அதனால் இருட்டில் வைத்து, அவ்வப்போது புதிது வாங்குகிறார்கள்.