வேடமும் தன்னுணர்வும்: பெண்வேட நடிகர் ஒருவரின் சுயசரிதையை முன்வைத்து ஒரு நோக்கு

நமது கூத்து மரபிற் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தனர் என்பது நாடக ஆய்வாளர் அனைவரும் அறிந்த செய்தியாகும. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளாயினும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கூத்துகளாயினும் இவ்வழக்கு நெடுங்காலம் நிலவிற்று. பெண்வேடத்துக்குரிய ஆட்டம், வரவுத்தரு, உடுப்பு என்பன குறித்து ஓரளவு எழுதப்பட்டுமுள்ளது. ஆயின், அவ்வேடத்தைப் புனைந்தவன் அதனால் தன்னைப்பற்றி யாது விளங்கிக்கொண்டான் என்ற வினா நமது ஆய்வுகளில் எழுப்பப்பட்டமை அரிது. விடிந்ததும் வேடம் கலைகிறது. கூத்தன் வயலுக்குச் செல்கிறான். அத்துடன் நமது ஆராய்ச்சியும் முடிந்துவிடுகிறது.

மேடைக்கு வெளியே இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. எதிர்ப்பாலாரின் உடையை விரும்பி அணியும் ஒருவர் தம்மை யாரென அறிந்துகொள்வது எவ்வாறு? இதனைத் தனிமனித உள்ளத்தின் அந்தரங்கமாகக் கருதி உளவியலாளரிடம் ஒப்படைத்துவிடுவது எளிது. ஆனால், மனிதரின் சமூக இருப்பே அவர்தம் உணர்வை நிர்ணயிக்கின்றது என்னும் அடிப்படையை ஏற்போர், தன்னையறிதல் என்பதும் சமூகம் வழங்கும் சொற்களாலும் தொழில்களாலும் உறவுகளாலும் ஆவதே என்பதை மறந்துவிடலாகாது. இக்கட்டுரையில் நாம் நிறுவ முனைவதும் இதுவே.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைப்பற்றித் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திற் பேசுகிறது. இப்பெயர்களுக்குத் தமக்கெனப் பால் காட்டும் ஈறு இல்லையென்றும், உயர்திணையின் பாலுக்குரிய ஈறுகளையே அவை பெற்று வருமென்றும் அது விதிக்கின்றது. இவ்விதி இருமுனை கொண்டது. இத்தகையோரை அஃறிணைக்குத் தள்ளாது மக்கட்பிரிவினுள் நிறுத்துவது ஒரு முனை. அவர்களுக்கென ஓர் ஈற்றை வழங்காதுவிடுவது மறுமுனை. மனிதர் என்ற இடம் உண்டு. ஆனால் தம்மைத் தாமே சுட்டுவதற்குரிய வடிவம் இல்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள், வாணாசுரன் நகரிற் காமன் ஆடியதாகக் கூறப்படும் பேடும் ஒன்றாகும். ஆடலாக வரும்போது அது போற்றப்படுகிறது. ஆடுபவன் ஆடலுக்கு வெளியேயும் அவ்வாறே வாழ விழைந்தால் அவனுக்கு என்ன பெயர் என்பதற்கு மரபிடம் விடை இல்லை.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை வரையறுத்துக்கொள்ளல் அவசியமாகும். ஆணாகப் பிறந்ததாகக் கொள்ளப்பட்டு, தம்மைப் பெண்ணென உணர்ந்து பெண்ணாகவே வாழ்வோரைத் திருநங்கையர் என்கிறோம். ஏ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ ஆகிய சுயசரிதைகள் அவர்தம் அனுபவத்தை அவர்தம் சொற்களிலேயே தமிழுக்குத் தந்துள்ளன. பிறிதொரு சாரார் உளர். இவர்கள் சிலவேளை பெண்ணுடை தரிப்பர். பின்னர் அதனைக் களைந்து கணவராகவும் தந்தையராகவும் தொழிலாளராகவும் தம் வாழ்வைத் தொடர்வர். உடைமாற்றம் இவர்களுக்குப் பொழுதுபோக்குமன்று, மறுபாலாக மாறுவதற்கான முதற்படியுமன்று. இவர்களை மாற்றுடை அணிவோர் என இங்கு குறிப்போம். தமிழிற் பெரிதும் எழுத்துக்கு வராத குரல் இவர்களுடையது. ஆகவே வேற்றுமொழிச் சுயசரிதை ஒன்றின் துணையை நாம் நாட வேண்டியுள்ளது.

குஜராத்தி நாடக உலகிற் ‘சுந்தரி’ எனப் புகழ்பெற்ற ஜெயசங்கர் 1889இற் பிறந்து 1975இல் மறைந்தவர். சிறு வயதிலேயே கல்கத்தாவின் பார்சி நாடகக் கம்பனி ஒன்றிற் சேர்க்கப்பட்ட அவர், பின்னர் பம்பாயில் ‘சௌபாக்கிய சுந்தரி’ என்னும் நாடகத்தின் நாயகியாக நடித்தார். 1901இல் மேடையேறிய அந்நாடகத்தின் பாத்திரப் பெயரே அவர்தம் பெயருடன் நிலைத்துவிட்டது. பம்பாய் மேட்டுக்குடி மகளிர் அவர் சேலை உடுத்தும் பாங்கைப் பின்பற்றுமளவுக்கு அவர் செல்வாக்குப் பெற்றிருந்தார். 1932இல் தொழில்முறை மேடையிலிருந்து விலகி, பிற்காலத்தில் நெறியாளராக விளங்கினார். ‘சில கண்ணீர், சில மலர்கள்’ எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட அவரது சுயசரிதை 1976இல் வெளிவந்தது. காத்ரின் ஹான்சன் 2011இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே நாம் அதனை அணுகுகிறோம்.

நூலின் பெரும்பகுதி கம்பனி வாழ்க்கை, பயிற்சி, சக நடிகர் பற்றியதாகும். அவற்றினிடையே ஒரு நிகழ்ச்சி தனித்து நிற்கின்றது. பெண்ணின் மார்க்கச்சினை முதன்முதலில் அணிந்து ஒப்பனை முடித்துக் கண்ணாடியை நோக்கியபோது, அதில் அழகிய குஜராத்தி இளம்பெண் ஒருத்தி நிற்கக் கண்டதாகவும், தாம் ஆணல்லர் என்ற எண்ணம் அக்கணத்தில் தம்முள் எழுந்ததாகவும் ஜெயசங்கர் எழுதுகிறார். இதனை அவர் குற்ற ஒப்புதலாக எழுதவில்லை. நோயின் அறிகுறியாகவும் எழுதவில்லை. தம் கலையின் பிறப்பை விளக்கும் பகுதியாகவே எழுதுகிறார். தம்முள் ஒரு பெண் இருப்பதை அவர் நாணமின்றிக் கூற முடிந்தமைதான் நமது கவனத்துக்குரியது.

அது எவ்வாறு இயன்றது? அவர் தனிப்பட்ட துணிவுடையவராக இருந்தமை மட்டும் அதற்குக் காரணமன்று. அந்த அனுபவத்துக்கு ஏற்கெனவே ஒரு தொழிற்பெயர் இருந்தது. தமிழ்நாட்டின் பாலர் கம்பனிகளில் ‘ஸ்திரீபார்ட்’ எனப்பட்டது அதுவே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் நிறுவிய பாலர் சபையிலும் அதனையொத்த பிற கம்பனிகளிலும் சிறுவர் பலர் இப்பயிற்சி பெற்றனர். பின்னாளிற் திரையுலகில் வீரநாயகராகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசனும் சிறுவயதிற் சீதையாக நடித்தவரே. உயர்சாதிக் குடும்பப் பெண்கள் மேடையேறுவது மானக்கேடாகக் கருதப்பட்ட சமூகத்திற் பெண்ணுருவம் சந்தைக்குத் தேவையாயிற்று. அத்தேவையை நிறைவேற்ற வறிய வீட்டுச் சிறுவரின் உடலும் குரலும் பயன்படுத்தப்பட்டன. குரல் உடைந்ததும் பலர் கைவிடப்பட்டனர். ஆகவே இம்மேடையைச் சுதந்திரத்தின் களமென நாம் புனைந்துரைக்கத் தேவையில்லை. பெண்ணை விலக்கிய அமைப்பே பெண்வேடக்காரனுக்குச் சொல்லையும் புகழையும் வழங்கிற்று என்னும் முரண்பாட்டை உள்ளவாறே காணவேண்டும்.

இத்தகைய நூல்களை வாசிப்போர் பொதுவாக இரு தவறுகளைச் செய்கின்றனர். மேடையில் அவர் பெண், வீட்டிலோ முழு ஆண், மனைவி மக்கள் உடையவர் எனக் கூறிக் கலைஞரின் மானத்தைக் காப்பதாக நினைப்பது முதலாவது தவறு. கண்ணாடிமுன் நிகழ்ந்ததை வெறும் தொழில்நுட்பமாக இது குறுக்கிவிடுகிறது. மனைவி மக்கள் இருப்பது மற்றைய உணர்வை இல்லாதாக்கிவிடும் என்ற பிழையான எடுகோளின் மீதும் நிற்கிறது. அக்காலப் பெண்வேட நடிகர் அனைவரையும் இன்றைய திருநங்கையராகக் கொள்வது மற்றைய தவறு. நிகழ்காலத்தின் வகைப்பாடுகளை இது கடந்தகாலத்தின் மீது ஏற்றுகிறது. ஜெயசங்கர் தம்மை இவ்விரு பெயராலும் அழைத்தவரல்லர். பெண்ணாகத் தோன்றிய கணமும், பின் ஆணாக நடத்திய வாழ்வும் ஒன்றையொன்று பொய்யாக்காது அவர் நூலில் அருகருகே நிற்கின்றன. மாற்றுடை அணிவோரின் தன்னுணர்வுக்கு இந்நூல் தரும் மிகப் பெறுமதியான சான்று இதுவெனலாம்.

மேடையற்ற சாதாரண மனிதருக்கு இத்தகைய சொல்லை வழங்க முற்பட்டவர் ஜெர்மானிய மருத்துவரான மக்னுஸ் ஹிர்ஷ்பெல்ட் ஆவார். ‘அப்பால்’, ‘உடை’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களை இணைத்து அவர் ஆக்கிய கலைச்சொல்லே 1910இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பாயிற்று. பதினேழு பேரின் வாழ்க்கைக் கூற்றுகளை அவர் அதில் ஆராய்ந்தார். உடை விருப்பு வேறு, காமநாட்டம் வேறு என்பதையும், அவர்களுட் பெரும்பாலோர் பெண்களையே நாடிய ஆண்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மருத்துவச் சான்றின்பேரில், எதிர்ப்பாலுடையில் வீதியிற் செல்வோரைக் கைதுசெய்யாதிருப்பதற்கான அத்தாட்சிகளை பெர்லின் பொலிஸார் வழங்கவும் தொடங்கினர். உலகப் பயணத்தின்போது 1931இல் அவர் இலங்கைக்கும் வந்தார். 1919இல் அவர் தோற்றுவித்த பாலியல் ஆய்வு நிறுவகம் 1933 மே 6இல் நாஜி மாணவராற் சூறையாடப்பட்டது. நான்கு நாள்களின் பின் அதன் நூல்கள் பெர்லின் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. தம்மை அறிந்துகொள்ள மனிதர் தேடிய சொற்கள் தீயிலிடப்பட்ட நிகழ்வு அது.

நமது நாட்டின் நிலை யாது? இங்கு மேடைக்கு வெளியே இவர்களுக்கு முதலிற் சொல் வழங்கியது காலனித்துவச் சட்டமாகும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் பற்றியது. இப்பிரிவும் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் எதிர்ப்பாலுடையில் வீதியில் நிற்போரைத் தடுத்துவைக்கப் பயன்பட்டமை மனித உரிமை அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. ஆள்மாறாட்டம் என்னும் இச்சொல்லை நாம் ஊன்றி நோக்கவேண்டும். தன்னை மறைத்துப் பிறனாக நடிப்பதே ஆள்மாறாட்டம். வேடத்திற் தன்னைக் கண்டதாகக் கூறுகிறார் நடிகர். வேடத்தால் தன்னை மறைத்தான் என்கிறது சட்டம். ஒரே சேலை மேடையிற் கலையாகவும் சந்தியிற் குற்றமாகவும் ஆகின்றது. 2016இற் சுகாதார அமைச்சு பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழுக்கு வழிசெய்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது ஒரு பாலிலிருந்து மறுபாலுக்கு மாறுவோருக்குரியது. இரண்டிடையே சென்று மீள்வோர்க்கு அதிலும் ஓர் ஈறு இல்லை.

இனி நம்மைப்பற்றியும் பேசவேண்டும். முற்போக்கு அணியினராகிய நாம் இப்பொருளை முதலாளித்துவச் சீரழிவு எனும் ஒரு சொல்லில் ஒதுக்கிப் பழகியுள்ளோம். வர்க்கமும் சாதியும் கொதிக்கும் மண்ணில் உடை பற்றிய ஆய்வு எதற்கு என்றும் வினவியுள்ளோம். ஆனால் நமது மரபு ஒரே குரலில் இதுபற்றிப் பேசியதில்லை. ஒருபாலுறவைத் தண்டிக்கும் சட்டத்தை நீக்கக் கோரிய ஹிர்ஷ்பெல்டின் மனுவில் ஒப்பமிட்டு, 1898இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் அதற்காகப் பேசியவர் ‘பெண்ணும் சோசலிசமும்’ எழுதிய ஒகஸ்ட் பேபெல். 1934இற் சோவியத் அரசு அவ்வுறவை மீண்டும் குற்றமாக்கியபோது, அதனைப் பாசிசத்தோடு தொடர்புபடுத்தி எழுதியவர் மாக்ஸிம் கோர்க்கி. இவ்விவாதம் மாற்றுடை பற்றியதன்று. எனினும் ஒழுக்கம் என்ற பெயரில் யாரை விலக்குகிறோம் என்ற வினா இரண்டுக்கும் பொதுவானது. கோர்க்கியிடம் நாம் கற்றவை மிகப் பல. இவ்விடயத்தில் அவர் தவறினார் என்பதையும், பேபெலின் வழியே மார்க்சியத்துக்கு உகந்தது என்பதையும் தயக்கமின்றிக் கூறுவது நமது கடமையாகும்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாழும் எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரது அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சேலை இருக்கிறது. வீட்டார் இல்லாத பொழுதில் அதை உடுத்துக் கண்ணாடிமுன் நிற்கிறார். ஜெயசங்கர் கண்டதையே அவரும் காணக்கூடும். ஆனால் அதனைக் கூற அவருக்கு மேடை இல்லை, தொழிற்பெயர் இல்லை, தம்போன்ற இன்னொருவரின் நூலும் இல்லை. பாவம், பைத்தியம், குற்றம் என்னும் மூன்று சொற்களே அவருக்குக் கையளிக்கப்பட்டுள்ளன. அவற்றைக்கொண்டே அவர் தம்மை விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. அவர் தம்மை வெறுப்பாராயின் அவ்வெறுப்பு அவருள் இயல்பாக ஊறியதன்று. நாம் கொடுத்த சொற்களின் விளைவே அது.

சொற்களை மாற்றுவதால் மட்டும் வாழ்வு மாறிவிடாது என்பதை நாம் அறிவோம். சட்டமும் வேலைத்தலமும் குடும்பமும் மாறவேண்டும். எனினும் சொற்களைப் பேணுவதும் ஆராய்வதும் இலக்கிய மாணவராகிய நமது தொழில். நமது கிராமங்களிற் பெண்வேடமாடிய முதிய கூத்தர் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் தருக்களையும் தாளக்கட்டுகளையும் கேட்டுப் பதிவுசெய்கிறோம். வேடம் தரித்து முதன்முதல் கண்ணாடி பார்த்தபோது என்ன தோன்றிற்று என்பதையும் இனிமேற் கேட்போமாக. அவர்கள் கூறுவதைத் திருத்தாது எழுதுவோமாயின், தொல்காப்பியர் இல்லையென்ற ஈறு அவர்தம் பேச்சிலேயே நமக்குக் கிடைக்கக்கூடும்.