வினா வழுவா, விடை வழுவா? ஒரு பிழைப்பக்கத்தைத் திறனாய்தல்

திறனாய்வு என்றதும் கவிதையையோ சிறுகதையையோ எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த முறை நான் எடுத்துக்கொண்ட பனுவல் ரொம்பச் சின்னது. மூன்றே சொல்: "பதில் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது."

எங்கள் மாணவர்கள் பயன்படுத்திய ஒரு பயிற்சித் தளத்தில், கட்டுரையைத் தட்டெழுதிப் பொத்தானை அழுத்தினால் திரையில் வரும் வாசகம் இது. படிவம் ஐந்து மாணவன் ஒருவன் காய்ச்சலில் கிடந்து, மற்றவர்களுக்கு மூன்று நாள் பிந்தி "நான் படித்த தமிழ்ப்பள்ளி" என்ற கட்டுரையை அனுப்பினான். நான் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள். விசைப்பலகையில் விளையாடியிருக்கிறான் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன்.

"சார், நான் எழுதித்தான் அனுப்பினேன்லா. அனுப்பியாச்சுன்னு திரையில வந்துச்சு சார்."

நான் நம்பவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். திரையில் வந்த மூன்று சொல்லை அவனும் நம்பினான், நானும் நம்பினேன். ஆனால் அதை வைத்து அவன் தன்னை நல்லவன் என்றான், நான் அவனைப் பொய்யன் என்றேன்.

அன்று இரவு அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். கேள்விக்குறிகள் ஒரே நீளமாக ஓடவில்லை. நடுவில் இடைவெளி இருந்தது, காற்புள்ளி இருந்தது, முற்றுப்புள்ளி இருந்தது, ஐந்து பத்தி இருந்தது. விளையாடுகிறவன் பத்தி பிரிப்பானா? தலைப்பு வரியை எண்ணினேன். நான்கு குறி, ஒரு இடைவெளி, ஆறு குறி, ஒரு இடைவெளி, பன்னிரண்டு குறி.

இங்கே தமிழாசிரியர் தடுமாறுவார், நானும் தடுமாறினேன். "நான்" என்பது இரண்டு எழுத்து. "தமிழ்ப்பள்ளி" ஏழு எழுத்து. கணக்கு ஒத்துவரவில்லையே? கணினி நம்மைப் போல எண்ணுவதில்லை. யூனிகோடில் மெய்யும் அகரம் தவிர்த்த உயிர்மெய்யும் ஒரே குறியாக இல்லை. "ந" ஒரு குறி, கால் ஒரு குறி, "ன" ஒரு குறி, புள்ளி ஒரு குறி. ஆக "நான்" என்பது நான்கு. அப்படியே "படித்த" என்பதை எண்ணிப் பாருங்கள், ஆறு வரும். "தமிழ்ப்பள்ளி" பன்னிரண்டு. பையன் தலைப்பை எழுதியிருந்தான். கேள்விக்குறிகள்தான் அவனுக்குச் சாட்சி.

இனித் தேடல். நண்பர் ஒருவர் தளத்தைப் பராமரிப்பவர், இருவரும் உட்கார்ந்தோம். அவர் முதலில் செய்தது நிரலைத் திறப்பது அல்ல, வழுவை மறுபடி வரவழைப்பது. ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினார், சரியாகப் பதிந்தது. தமிழில் ஒரு வரி, கேள்விக்குறி. பிந்தி அனுப்பும் பகுதியை விட்டு வழக்கமான பகுதியில் தமிழ் வரி, சரியாகப் பதிந்தது. மூன்றே சோதனையில் தேடும் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. பிறகு எல்லைக்கு எல்லை நின்று பார்த்தார். உலாவியிலிருந்து போகும்போது தமிழ் தமிழாகவே இருக்கிறதா? இருக்கிறது. பிஎச்பி நிரல் வாங்கும்போது? இருக்கிறது. தரவுத்தளத்தில் எழுதி, உடனே திரும்பப் படிக்கும்போது? இல்லை.

பிந்தி வரும் பதில்களுக்கென்று அந்த வாரம்தான் ஒரு புதிய அட்டவணையை உருவாக்கியிருந்தார்கள். எந்த எழுத்துக்குறியீடு என்று சொல்லாமல் உருவாக்கினார்கள். தளத்தில் ஓடியது பழைய மைஎஸ்கியூஎல். 8.0 பதிப்புக்கு முன்பு, ஒன்றும் சொல்லாவிட்டால் அது லத்தீன்-1 என்றே எடுத்துக்கொள்ளும். லத்தீன்-1இல் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு எழுதிவிட்டது. கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்ததால் பிழை என்று நிறுத்தாமல், ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுப்பியது. அந்த எச்சரிக்கையை நிரல் கேட்கவே இல்லை. கேட்காமலேயே "வெற்றிகரமாக" என்று எழுதிற்று.

ஒரு சின்னக் குறிப்பு, உங்களுக்கு உதவும். திரையில் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஆங்கில "ஏ"யும், வட்டத்துக்குள் "ஆர்" எழுத்தும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். யூடிஎப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படிப்பதால் வரும் கோலம் அது. பைட்டுகள் அழியாமல் இருந்தால் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகப் பதிந்துவிட்டால் மீட்க முடியாது. பையனின் கட்டுரை போனது போனதுதான்.

இப்போது பனுவலுக்கு வருவோம். நன்னூல் வழுக்களை ஏழாக வகுப்பது மாணவர்களுக்குத் தெரியும்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. வலைச் சேவையகத்தின் வேலையே வினாவுக்கு விடை சொல்வது. உலாவி கேட்கும், சேவையகம் சொல்லும். அந்த விடையின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4இல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் வழு: இல்லாத பக்கத்தைக் கேட்டால் 404. 5இல் தொடங்கினால் சொல்பவர் பக்கம் வழு: 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்தது. 200 என்றால் வழாநிலை. என் கண்ணுக்கு இது வினா வழு, விடை வழு என்ற பாகுபாட்டுக்கு மிக அருகில் வருகிறது. ஏழையும் இப்படி இழுத்துப் பொருத்த நான் முயலவில்லை. இடவழு என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை பற்றியது. அதைச் "சேவையகம் இருக்கும் இடம்" என்று திரித்தால் இலக்கண ஆசிரியர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். காலவழு மட்டும் தானாகவே பொருந்தும்: காலை 7.30க்கு அனுப்பிய பதில் முந்திய நாள் இரவு 11.30 என்று பதிவானால், சேவையகம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்று பொருள்.

நம் பனுவலின் குற்றம் என்ன? அது 200 என்ற எண்ணோடு வந்தது. உள்ளே வழு, வெளியே வழாநிலை. 500 பக்கத்தை எல்லாரும் திட்டுகிறோம், ஆனால் அது நேர்மையான பனுவல்; "என் பக்கம் தப்பு" என்றாவது சொல்கிறது. இந்த மூன்று சொல்லோ நடந்ததைப் பார்க்காமலேயே நடந்ததாகச் சொல்கிறது. "அனுப்பப்பட்டது" என்ற செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். யார் அனுப்பியது, யார் பெற்றது, பெற்றதைத் திறந்து பார்த்தார்களா? எழுவாயை ஒளிக்கவே இந்த வினைவடிவம் இங்கே பயன்பட்டிருக்கிறது. பொறுப்பு மிதந்து மிதந்து கடைசியில் பையன் தலையில் இறங்கியது.

இதே குற்றம் வேறு உருவிலும் வரும். வாய்மொழிப் பயிற்சிக்குக் குரல் பதிவை ஏற்றச் சொல்கிறோம். சேவையகத்தின் வாசலில் என்ஜின்எக்ஸ் நின்றால், யாரும் மாற்றாதவரை ஒரு மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. 413 என்று முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பி அப்படியல்ல. தனக்கு விதித்த அளவைத் தாண்டிப் படிவம் வந்தால், அதன் உள்ளடக்கத்தை வெறுமையாக்கி நிரலிடம் கொடுத்துவிடும். நிரல் சோதிக்காவிட்டால் மாணவருக்குக் கிடைப்பது, "பெயரை நிரப்பவும்" என்ற செய்தி. நிரப்பியவனைப் பார்த்து நிரப்பு என்கிறது! எனக்கு முன்னதே பிடிக்கும். கறாராகப் பேசினாலும் உண்மை பேசுகிறது.

கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்தில் தொடரியல் பிழை, இயக்க நேரப் பிழை, தருக்கப் பிழை என்று மூன்று வகை படிக்கிறீர்கள். தேர்வில் அப்படியே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன வழு இந்த மூன்றில் எது? கட்டுரையை வாங்கி எழுதிய வரிகளில் தப்பு இல்லை. நிரல் ஒரு மரபில் பேசியது, அட்டவணை வேறொரு மரபில் கேட்டது. மயில் அகவும், குயில் கூவும் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தானே பேச்சு நடக்கும்? இதை மரபு வழு என்றால் ரொம்பத் தப்பில்லை. மூன்று வகைப் பட்டியல் ஒரே கணினியில் ஓடும் ஒரே நிரலை மனத்தில் வைத்துச் செய்தது. வலைச் செயலியில் உலாவி, சேவையகம், நிரல், தரவுத்தளம் என்று நான்கு பேர் கைமாற்றுகிறார்கள். வழு பெரும்பாலும் கை மாறும் இடத்தில் விழுகிறது. அந்த அளவில் பட்டியல் போதாது.

பிழைச்செய்தியை முழுக்க வாசிப்பதும் கருத்துணர்தல் பயிற்சிதான். பைத்தான் தன் அழைப்புத் தடத்தைக் கடைசியில் முடிச்சிடும். என்ன நடந்தது என்பது இறுதி வரியில் இருக்கும், ஆகவே கீழிருந்து மேலே படியுங்கள். பிஎச்பி செய்தியை முதலில் சொல்லிவிட்டுத் தடத்தைப் பின்னால் அடுக்கும். ஜாவாவில் மேல் வரியோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். "இதனால் விளைந்தது" என்று கீழே வரும் கடைசித் துண்டில்தான் மூல காரணம் பதுங்கியிருக்கும். மாணவர்கள் செய்தியின் முதல் சொல்லை மட்டும் நகலெடுத்து "சார், எரர் வருது" என்கிறார்கள். கவிதையின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மையக்கருத்து எழுதுவது போல.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. எல்லா விவரத்தையும் திரையில் கொட்டக்கூடாது. கோப்பின் இருப்பிடம், அட்டவணையின் பெயர் எல்லாம் வெளியே தெரிந்தால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு வழி காட்டியதாகிவிடும். பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்தில் பிழைகாட்டலை அணைத்து, விவரத்தைச் சேவையகத்தின் குறிப்பேட்டில் எழுதுவதே முறை. ஆகச் சுருங்கச் சொல்வது குற்றமில்லை. பொய் சொல்வதும், குறிப்பேட்டில்கூட எழுதாமல் விடுவதும்தான் குற்றம்.

வழுவமைதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். உவப்பினால் பசுவை "அம்மா வந்தாள்" என்று உயர்திணையாக்கினால் இலக்கணம் அமைத்துக்கொள்கிறது, காரணம் இருப்பதால். தினமும் விடியற்காலை சேவையகத்தை நிறுத்தி மறுபடி கிளப்பும் ஏற்பாடு பல தளங்களில் உண்டு. ஏன் என்று கேட்டால், "அப்படிச் செஞ்சாத்தான் ஓடுது." நினைவகம் நிரம்புவது தெரிந்து, அதை எழுதி வைத்து, திருத்தும்வரை அப்படிச் செய்தால் வழுவமைதி. காரணமே தெரியாவிட்டால் அது வெறும் வழு, துணி போட்டு மூடிய வழு.

கலைச்சொல்லிலும் எனக்கு ஒரு குறை. "வழுநீக்கம்", "பிழைதிருத்தம்" என்கிறோம். பிழைதிருத்தம் என்றால் நம் மனத்தில் சிவப்புப் பேனா வருகிறது. பிழை கண் முன்னே இருக்கிறது, சுழித்தால் போதும். இங்கே அட்டவணையின் குறியீட்டை மாற்ற ஆன நேரம் ஐந்து நிமிடம். அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு. "வழுத்தேடல்" என்று சொன்னால் உழைப்பு எங்கே போகிறது என்பது சொல்லிலேயே தெரியும். ஏற்பவர்கள் ஏற்கலாம்.

நண்பர் அட்டவணையை மாற்றினார், கண்டிப்பு முறையைப் போட்டார், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் ஒரு வரியையும் நிரலில் சேர்த்தார். மூன்று சொல்லும் போயிற்று. இப்போது திரையில் வருவது: "உங்கள் கட்டுரையைப் பெற்றுக்கொண்டோம். எங்களிடம் பதிவானது கீழே உள்ளது, படித்துப் பாருங்கள்." அதன் கீழே கட்டுரை, நேரம், ஒரு பதிவு எண். எழுவாய் வந்துவிட்டது.

பூஜ்யத்தை அழித்தேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டுரையை மறுபடி எழுதித் தரச் சொன்னபோது, "தாளில எழுதித் தரட்டா சார்?" என்றான்.