கல்லூரி முதல்வரும் கவுன்சிலர் அக்காவும்

கேபிள் தொலைக்காட்சிக்கான மத்திய அரசின் விதிகள் 1994-இல் வந்தன. எந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்று அவற்றில் ஆறாவது விதி வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையின் நடுவில் பெண் வருகிறாள். அவள் உருவத்தையோ உடலையோ இழிவாகக் காட்டக் கூடாது. ஏன் கூடாது? அது பெண்ணுக்கு இழிவு என்கிறது விதி. பொது ஒழுக்கம் கெடும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு மனுஷிக்கு நேரும் அவமானமும் ஊரின் ஒழுக்கம் பற்றிய கவலையும் ஒரே வாக்கியத்தில் ஒரே எடையில் நிற்கின்றன.

தடைப் பட்டியல் முடிந்ததும் ஒரு துணைவிதி. கேபிள் ஆபரேட்டர் பெண்களைத் தலைமைப் பொறுப்பில் காட்டும் நிகழ்ச்சிகளைத் தர முயல வேண்டும். ஆனால் அந்தத் தலைமை நிதானமும் ஒழுக்கமும் நற்குணத்தை வளர்க்கும் தன்மையும் கொண்டதாக இருக்க வேண்டும். ஆண்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று இப்படியொரு துணைவிதி கிடையாது. பெண் தலைவியாகலாம், அடக்கமான தலைவியாக. விதியின் ஆங்கில மூலத்தில் ஆபரேட்டர் ஆண்பாலில் இருக்கிறார். சட்ட மொழியின் பழைய வழக்கம் என்று அதை விட்டுவிடலாம். ஆனால் யார் கையில் வயர் இருக்கிறது, யார் படத்தில் இருக்கிறாள் என்பதை அந்த வழக்கம் சரியாகவே சொல்லிவிட்டது.

இந்த விதியை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் படிக்க எனக்கொரு காரணம் உண்டு. உள்ளூர் கேபிளை யார் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அரசு தந்த பதிலும் இதே மனதிலிருந்துதான் வந்தது.

1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேபிள்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், காவல் ஆணையர் ஆகியோருக்கு. ஆபரேட்டர் தன் பெயரைப் பதிந்துகொள்ளும் இடம் பல ஆண்டுகள் தலைமை அஞ்சலகமாக இருந்தது. 2025 தொடக்கத்தில் அதுவும் மத்திய அமைச்சகத்தின் இணையவழிப் பதிவாக மாறிவிட்டது. 2005-இலும் 2008-இலும் மத்திய அரசு மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. தலைவர் ஆட்சியர். உடன் காவல் கண்காணிப்பாளர், மக்கள் தொடர்பு அலுவலர். அப்புறம் மாவட்டத்திலுள்ள ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வர், குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, பெண்கள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, கல்வியாளர், உளவியலாளர், சமூகவியலாளர்.

முதலில் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். பெண்களுக்கு இடம் இருக்கிறதே! ஆனால் எந்த வாசல் வழியாக அவர்கள் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி முதல்வரையும் மற்ற நிபுணர்களையும் தேர்ந்தெடுப்பவர் ஆட்சியர். மகளிர் கல்லூரி முதல்வர் என்ற பதவி இங்கே ஏன் தேவைப்பட்டது? ஆயிரம் இளம்பெண்களைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் என்பதால் அவருக்கு எது ஆபாசம் என்று தெரியும் என்ற நம்பிக்கை. அந்தக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்குக் குழுவில் இடமில்லை. மாதாமாதம் கேபிள் பணம் கட்டும் இல்லத்தரசிக்கும் இல்லை. வார்டில் ஓட்டு வாங்கி ஜெயித்த பெண்ணுக்கும் இல்லை.

கடைசியாகச் சொன்னவர்தான் என் கட்டுரையின் நாயகி. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தல் அந்த ஒதுக்கீட்டின்படியே நடந்தது. 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியானது. ஊர் பெரிதாயிற்று, வரி ஏறிற்று, மன்றத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, கொசு மருந்து எதுவானாலும் ரமணாசிரமம் பகுதிப் பெண்கள் கவுன்சிலர் அக்காவைத்தான் கேட்கிறார்கள். தெருவிளக்குக் கம்பத்தைக் கேட்கலாம். அதே கம்பத்தில் சுற்றித் தொங்கும் கேபிள் வயரில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. ஒளிபரப்பு அரசியலமைப்பில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் அது இல்லை.

ஆக, ஓட்டு வாங்கிய பெண்ணுக்குக் கேபிளில் வேலை இல்லை. ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு நாற்காலி உண்டு. நம்மைக் குடிமக்களாக அல்ல, கற்பின் காவலர்களாகத்தான் இந்த ஏற்பாடு அழைக்கிறது.

அந்தக் குழுவுக்குத் தரப்பட்ட வேலைகளும் இதற்கேற்றவைதான். புகார்களை வாங்க வேண்டும். ஒழுங்குக்குக் கேடான நிகழ்ச்சி வந்தால் மேலே தெரிவிக்க வேண்டும். திருட்டுச் சேனல் ஓடாமல் பார்க்க வேண்டும். கட்டாயச் சேனல்கள் வருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி உள்ளூர் நிகழ்வோடு நிற்கிறதா, நடுநிலையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாமே எது வரக் கூடாது என்ற கவலை. எது வரவேண்டும், யார் குரல் வரவில்லை என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கேள்வியோடு எங்கள் பகுதி உள்ளூர் சேனலை ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை குறிப்பு நோட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். நகைக்கடை, ஜவுளிக்கடை, மனைப்பிரிவு விளம்பரங்கள். பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு வாழ்த்து, இரங்கல். கோயில் விழா, கிரிவலக் கூட்டம், வந்துபோன பிரமுகர்கள். பெண்கள் நிறையவே இருந்தார்கள்: கோலம் போடுபவர்கள், விளக்கேற்றுபவர்கள், புடவை கட்டிச் சிரிப்பவர்கள். ஆபாசம் என்று எதையும் சொல்ல முடியாது. விதிப்படி எல்லாம் சரி. கல்லூரி முதல்வர் குறை காண மாட்டார்.

ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லட்சக்கணக்கானோர் நடந்து முடித்த மறுநாள் காலை அதைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் அந்த ஒரு மாதத்தில் ஒரு தடவைகூடப் பேசவில்லை. செங்கம் சாலையில் பூக்கட்டி விற்கும் பாட்டி, விழா நாள்களில் கடையை எங்கே தள்ளிப் போடச் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. தங்கும் விடுதிகளில் அறை துடைக்கும் பெண்கள், தனி வீடுகளில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைப்பவர்கள், வாடகை ஏறியதால் வேறு பக்கம் குடிபோனவர்கள் யாரும் இல்லை. ரமணாசிரமம் என்றால் உலகத்துக்கு மௌனம் நினைவுக்கு வரும். இந்தப் பெண்களின் மௌனம் அவர்களாகத் தேடிக்கொண்டதல்ல.

இது வெறும் பிரதிநிதித்துவச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையின் இன்னொரு பக்கம், வ.உ.சி. நகரில், பாறையும் மண்ணும் வீட்டின்மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐவர் குழந்தைகள். மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு மழை நாளில் என்ன தெரிய வேண்டும்? எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் முகாம், யாரை அழைக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் சேனல் தெருப் பெயர் சொல்லாது. தெருப் பெயர் சொல்லக்கூடிய ஒரே திரை உள்ளூர் சேனல். பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவள் பெரும்பாலும் பெண். கண்காணிப்புக் குழுவின் கடமைகளில் இதை உறுதிசெய்வது இடம்பெறவில்லை. இடுப்புத் தெரிகிறதா என்று பார்க்கக் குழு உண்டு. வெள்ளம் வருகிறது என்று சொல்ல வைக்கக் குழு இல்லை.

பணத்தின் கதையும் இதுதான். 2006 முதல் 2011 வரை அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது, பெண்களின் பொழுதுபோக்குக்கும் பொது அறிவுக்கும் என்றே காரணம் சொன்னது. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. 2011 செப்டம்பரில் அடுத்த ஆட்சி அதைப் புதுப்பித்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்றது. தனியார் ஏகபோகத்தை எதிர்த்த அந்த 70 ரூபாய் ஏழை வீடுகளுக்கு உண்மையிலேயே உதவியது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2019-க்குப் பிறகு 130 ரூபாயும் வரியும் என்றானது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அஞ்சறைப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பவள் பெண். இணைப்பு மட்டும் பெரும்பாலும் ஆண் பெயரில். என் வீட்டில் ஒருமுறை மூன்று நாள் படம் வராமல் ஆபரேட்டரை அழைத்தபோது முதல் கேள்வி, “வீட்ல சார் இல்லீங்களாம்மா?”

2022 நவம்பரில் செட்டாப் பாக்ஸ் மென்பொருள் தகராறில் மாநிலமெங்கும் பல லட்சம் வீடுகளில் அரசு கேபிள் நின்றுபோனது. அப்போதும் எந்த வார்டு மன்றத்திலும் பதில் சொல்ல ஆள் இல்லை. மாவட்டத்தில் அரசு கேபிளுக்கென்று தனி வட்டாட்சியர் இருக்கிறார். அவர் மேலே பதில் சொல்பவர், தெருவுக்கு அல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கவுன்சிலர் கையில் கேபிளைக் கொடுத்தால் கட்சி கையில் கொடுத்த மாதிரிதானே? கேபிளை அரசியல் எப்படிப் பயன்படுத்தும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியாதா? தெரியும். சேனல்கள் திடீரென்று காணாமல் போவதை எல்லா ஆட்சியிலும் பார்த்தவர்கள் நாம். இந்தக் காரணத்தால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும், மாநில அரசுகளும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நானும் மாநகராட்சி சேனல் நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நடத்துவது வேறு, தணிக்கை செய்வது வேறு, கணக்குக் கேட்பது வேறு. எனக்கு வேண்டியது மூன்றாவது.

அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டைச் செய்தது. தெருவைத் தோண்டி வயர் போட ஊராட்சி மன்றம் உரிமம் தருகிறது. பதிலுக்கு நிறுவனத்தின் கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணம் வாங்கலாம். பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளாட்சிக்கும் தனிச் சேனல் கேட்கலாம். அந்தச் சேனலில் என்ன வருகிறது என்பதில் கேபிள் நிறுவனம் கைவைக்கக் கூடாது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஊருக்கு என்ன தேவை என்று மக்களைக் கேட்க வழியிருக்கிறது. அங்கும் இன்று இணையத்தால் கேபிள் சந்தா குறைந்து அந்த வருமானம் தேய்கிறது. ஆனாலும் தெரு ஊருடையது, தெருவைப் பயன்படுத்துபவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம் சட்டத்தில் அது இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டின் சமுதாய வானொலிக் கொள்கை, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்கிறது. தெலங்கானாவின் மாச்னூரில் 2008-இல் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, நிலம், மழை பற்றித் தங்கள் பேச்சுவழக்கிலேயே பேசுகிறார்கள். வானொலிக்குப் பொருந்தும் நியாயம் எங்கள் தெருவில் ஓடும் உள்ளூர் சேனலுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

இன்னொரு மறுப்பும் வரும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: “கவுன்சிலர் அம்மா பேருக்குத்தான், வேலையெல்லாம் அவங்க வீட்டுக்காரர்.” இப்படி நடப்பதுண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரை வில்லாபுரத்துக் கவுன்சிலர் லீலாவதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன் வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களின் வியாபாரம் படுத்தது. 1997 ஏப்ரலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். வீட்டுக்காரரின் பொம்மையை யாரும் கொல்ல வருவதில்லை. ஒரு பெண் கவுன்சிலர் உள்ளூர்ச் சேவை ஒன்றின்மேல் கண்ணை வைத்தால் என்ன நடக்கும் என்று வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அதிகாரமே தராமல் வைத்துவிட்டு, திறமை இல்லை என்று சொல்வது பெண்கள்மேல் போடப்படும் பழைய பழி.

என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்வேன். மாவட்டக் குழுவில் நியமனம் போகட்டும்; உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் உட்காரட்டும், சந்தாதாரர் பெண்களும் உட்காரட்டும். வார்டுக்கு ஒருமுறையாவது கேபிள் சேவை பற்றிப் பொதுக்கேட்பு நடக்கட்டும். ஆபரேட்டர் வந்து கட்டணம், பழுது, புகார் மூன்றுக்கும் பதில் சொல்லட்டும். உள்ளூர் சேனல் வாரத்தில் சில மணி நேரத்தைத் தெருவுக்கு விடட்டும். பேரிடர் நாளில் வார்டு அறிவிப்பைக் கட்டாயமாகப் போடட்டும். நிகழ்ச்சியைத் தடுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு வேண்டாம். கணக்குக் கேட்கும் அதிகாரம் போதும்.

எல்லாரும் கைபேசிக்குப் போய்விட்டார்கள், செத்துக்கொண்டிருக்கும் கேபிளுக்கு இவ்வளவு எதற்கு என்பீர்கள். கைபேசி வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மதியம் பூக்கட்டும்போது எதிரில் ஓடுவது இன்றும் டிவிதான். அடுத்து வரும் ஃபைபர் வயரும் அதே கம்பத்தில்தான் வந்து தொங்குகிறது. அதற்கும் கணக்குக் கேட்க நமக்கு வழியில்லை. கல்லூரி முதல்வர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரிடம் படிக்கும் பெண்கள் ஓட்டுரிமை வந்தவர்கள், பலர் வீட்டில் கேபிள் பணம் கட்டுபவர்கள். குழுவின் நாற்காலி அவர்களுக்கும், அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர் அக்காவுக்கும் உரியது.