போர்முனையில் செய்தியில்லை, வீட்டிலோ ரொட்டியில்லை

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த ஐரோப்பியப் பெரும்போரைப் பற்றி எழுந்த நாவல்களுள், ஜெர்மானிய ஆசிரியர் எரிக் மரியா ரெமார்க் எழுதிய நூலைப்போல் உலகெங்கும் பரவியது வேறொன்றில்லை எனலாம். 1928 நவம்பரில் பெர்லின் நாளிதழொன்றில் தொடர்கதையாகத் தொடங்கிய இது, 1929 ஜனவரியில் புத்தகமாயிற்று. அவ்வாண்டிலேயே 'ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' என்னும் பெயருடன் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. படித்தோர் பெரும்பாலும் வியந்து கூறுவது பதுங்குகுழிக் காட்சிகளையே. குண்டு வீழ்வதும், எலிகள் திரிவதும், நச்சுப்புகை சூழ்வதும் மறக்கவியலாதபடி வரையப்பட்டுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்நூலின் உயிர்நிலை அங்கில்லை. கதாநாயகன் விடுமுறை பெற்று வீடு திரும்பும் அத்தியாயத்திலேயே அஃது உளது என்பது நமது துணிபு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கதாநாயகன் பவுல் பாய்மர் பள்ளியிலிருந்து நேரே பட்டாளத்திற்குப் போனவன். தேசபக்திப் பிரசங்கம் செய்து வகுப்பு முழுவதையும் சேரச் செய்தவர் அவனுடைய ஆசிரியரே. பின்னர் விடுமுறையில் ஊர் திரும்பும் பவுலின் மூட்டையில் இருப்பவை யாவை? ஒரு முழுப் பாலாடைக்கட்டி, பட்டாளத்து ரொட்டி இரண்டு, முக்கால் பவுண்டு வெண்ணெய், ஈரல் இறைச்சி டப்பா இரண்டு, ஒரு பவுண்டு கொழுப்பு, சிறு பையில் அரிசி. அரிசிக் கணக்கும் ஆட்கணக்கும் எழுதிப் பழகிய எம்போன்ற கிராணிகளுக்கு இப்பட்டியல் ஒன்றே போதும். அவ்வீட்டு அடுப்பின் நிலை விளங்கிவிடும். வீட்டார் போர்வீரனுக்குத் தின்பண்டம் அனுப்புதல் உலக வழக்கு. இங்கோ சாவின் வாயிலிருந்து வருபவன் வீட்டாருக்குச் சோறு சுமந்து வருகிறான்.

மறுபடி ஒரு நாள் பவுலும் அவன் தமக்கையும் இறைச்சிக் கொட்டிலின் முன் வரிசையில் நிற்கின்றனர். எதற்காக? ஒரு பவுண்டு எலும்புக்காக! மூன்று மணி நேரம் நின்றபின் எலும்பு தீர்ந்துவிட்டது என்று வரிசை கலைகிறது. நோயுற்ற தாய் படுக்கையில் கிடக்கிறாள். பின்னர் அவளுக்கு அறுவை சிகிச்சை வேண்டுமென்றபோது, செலவு எவ்வளவு ஆகுமென வைத்தியரைக் கேட்கத் தந்தைக்குத் துணிவில்லை. கேட்டால் வைத்தியர் மனம் கோணுவாரோ என்னும் அச்சம். ஏழையின் வாய் எந்நாட்டிலும் இவ்வாறே கட்டப்பட்டிருக்கிறது!

இவற்றினிடையே ஆசிரியர் மற்றொரு காட்சியை வைக்கிறார். ஊர்ப் பெரியோர் மதுச்சாலையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து போர்த்தந்திரம் பேசுகின்றனர். தலைமையாசிரியர் ஒருவர் பெல்ஜியம் முழுவதும் வேண்டுமென்கிறார். பிரான்சின் நிலக்கரிப் பகுதிகளும், ருஷ்யாவில் ஒரு துண்டும் வேண்டுமென்கிறார். பவுல் ஏதோ சொல்ல வாயெடுத்தால், நீ உன் முனையை மட்டும் அறிவாய், முழுமையையும் நீ அறியாய் என்று அடக்கிவிடுகிறார். எலும்புக்கு வரிசை நிற்பவள் ஒருத்தி. நாடுகளைப் பங்கு போடுபவர் மற்றொருவர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தமையே இந்நூலின் தலையாய கலைத்திறம்.

இது மிகைப்படுத்திய கேலி என்பாருமுளர். அன்று. 9-9-1914 அன்றே, போர் தொடங்கி ஆறு வாரமும் ஆகாத வேளையில், ஜெர்மன் பிரதம மந்திரி பெத்மன் ஹால்வெக்கின் அலுவலகத்தில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. பெல்ஜியத்தைத் தனக்கு அடங்கிய நாடாக்குதல், பிரான்சின் பிரியே இரும்புச் சுரங்கப் பகுதியைப் பெறுதல், ருஷ்யாவை எல்லையினின்றும் தூரத் தள்ளுதல் என்பன அதன் கருத்துகள். சரித்திர ஆசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961-இல் வெளியிட்ட நூலால் இது பலரும் அறிந்ததாயிற்று. நாவலாசிரியரோ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதன் சாரத்தை ஒரு தலைமையாசிரியர் வாயில் வைத்துவிட்டார்.

இனி, இவ்வத்தியாயம் இன்னொரு பெரும்பொய்க்கும் விடையாகிறது. போர்முனையில் தோலாத சேனையை வீட்டிலிருந்தோர் முதுகிற் குத்திக் கொன்றனர் என்று 1919-இல் தளபதி ஹிண்டன்பர்க் ஒரு விசாரணைக் குழுவின் முன் கூறினார். உண்மை யாது? 29-9-1918 அன்று, உடனே போர்நிறுத்தம் கேட்கவேண்டுமெனச் சக்கரவர்த்தியிடம் வற்புறுத்தியவர்கள் அதே ஹிண்டன்பர்க்கும் அவர் துணைவர் லூடன்டார்ஃபுமேயாவர். அவர்கள் சாட்டிய பழியை யூதர்மீதும் தொழிலாளர்மீதும் சுமத்தி ஹிட்லர் கூட்டத்தார் வளர்ந்தனர். பவுலின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பவர் கேட்பது ஒரே கேள்வி: பசியால் நடுங்கும் கை யாருடைய முதுகில் கத்தி பாய்ச்சும்? இந்நூலின்மேல் அக்கூட்டத்தாருக்கு இருந்த சினத்தின் காரணம் இதனால் நன்கு விளங்கும். 1930 டிசம்பரில் இதன் சினிமாப் படம் பெர்லினில் காட்டப்பட்டபோது, நாற்றக் குண்டுகளையும் வெள்ளெலிகளையும் கொட்டகையில் விட்டுக் கலகம் செய்தனர். 10-5-1933 அன்று நூலைத் தீயிலிட்டனர். 1938-இல் ஆசிரியரின் குடியுரிமையையும் பறித்தனர்.

இத்துணைச் சிறப்புடைய நூலில் குறையில்லையோ எனின், உண்டு. அதுவும் பெரிய குறையே. பசியைக் காட்டிய ஆசிரியர், பசியை உண்டாக்கிய கைகளைக் காட்டவில்லை. அப்பசி மழை பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. பிரிட்டிஷ் கப்பற்படை கடலை முற்றுகையிட்டு உணவையும் உரத்தையும் தடுத்தது. நம் முன்னோர் இம்மலாயாவில் மரம் சீவி எடுத்த ரப்பரும் நேச நாடுகளுக்கே சென்றது. ஜெர்மானிய ரசாயனிகள் செயற்கை ரப்பர் செய்ய முற்பட்டனர். உள்நாட்டிலோ, உழவரையும் குதிரைகளையும் பட்டாளம் கொண்டுபோயிற்று. வயலுக்கு வேண்டிய நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போயிற்று. 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் கெட, அக்குளிர்காலத்தில் மாட்டுக்கிடும் டர்னிப் கிழங்கே மாந்தர் உணவாயிற்று. பணமுடையோர் கள்ளச் சந்தையில் வாங்கியுண்டனர். முற்றுகையால் 7,63,000 பேர் மாண்டனர் என்று 1918 டிசம்பரில் ஜெர்மன் சர்க்கார் அறிக்கை கூறிற்று. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இத்தொகையைக் குறைத்தே மதிப்பர். போர் நின்ற பின்னும் 1919 ஜூலை வரை முற்றுகை முற்றிலும் நீங்கவில்லை.

அன்றியும், வரிசையில் நின்றோர் யாவரும் வாய்மூடி நிற்கவில்லை. 1917 ஏப்ரலில் ரொட்டிப் பங்கைக் குறைத்தபோது பெர்லினிலும் லைப்ஸிக்கிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1918 ஜனவரியில் ரொட்டியோடு சமாதானமும் வேண்டுமென்று பெர்லினில் மட்டும் இலட்சக்கணக்கானோர் ஆலைகளை விட்டு வெளிவந்தனர்; பெண்களும் அவர்களுள் பெருந்தொகையினர். நாவலில் இவர்களுக்கு இடமில்லை. பவுலின் தமக்கை வெறுங்கையுடன் வீடு திரும்புகிறாள். அவள் நெஞ்சில் என்ன எழுந்தது என்று நாம் அறியோம்.

இருபது வயது இளைஞன் தான் கண்டதைத்தானே கூறுவான் என்று ஆசிரியருக்காக வாதிக்கலாம். ஓரளவு ஒப்புவோம். ஆனால் பவுலுக்கு இருபது வயதாயினும், எழுதிய ரெமார்க்குக்கு அப்போது முப்பது வயது. பத்தாண்டு கடந்து எழுதியவர், நிகழ்ந்ததெல்லாம் விதியே போலத் தோன்றுமாறு விட்டமையால், படிப்போர் கண்ணீர் விடுகின்றனர், காரணம் வினவுவதில்லை. உழைப்பாளியின் எதிர்ப்பைக் கூறாது விட்ட இடத்தில், பழிதூற்றுவோர் தம் பொய்யை எளிதில் எழுதிக்கொண்டனர்.

நூலின் பெயரையும் நோக்குக. ஆங்கிலப் பெயர் அமைதியைச் சொல்கிறது. ஜெர்மன் மூலப் பெயரின் பொருளோ, மேற்கே புதுச்செய்தி ஏதுமில்லை என்பது. பவுல் இறந்த நாளில் சேனையின் அறிக்கை கூறியதும் அதுவே. ஒருவன் சாவு செய்தியன்று எனின், ஒருத்தியின் பசி எங்ஙனம் செய்தியாகும்? போரைப் பற்றிய பேச்சு நம்மூர்க் காப்பிக் கடைகளிலும் நடைபெறுகிறது. வரைபடத்தில் விரல் வைத்து நாடுகளைப் பங்கிடுவோரைக் காணும்போதெல்லாம், எலும்புக்கு நின்ற அவ்வரிசை நம் நினைவுக்கு வருமாயின் இந்நூலைப் படித்த பயன் பெற்றோம். அவ்வரிசை ஏன் உண்டாயிற்று என்று வினவத் தொடங்குவோமாயின், நூலாசிரியர் விட்ட பணியையும் நாமே செய்தவராவோம்.