75 விழுக்காடு: ஒரு விதியின் மதிப்பீடு

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்த எவருக்கும் அந்த நான்கு படிகள் மனப்பாடம். ஒரு செமஸ்டரில் 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை என்றால் விண்ணப்பம் கொடுத்து, காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டிவிட்டு எழுதலாம். 50 முதல் 64 வரை என்றால் இந்தத் தேர்வு இல்லை, அடுத்த முறைதான். 50க்கும் கீழே இறங்கினால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதியின் சொற்களும் கட்டணத் தொகையும் மாறினாலும் பெரும்பாலான இடங்களில் கட்டமைப்பு இதுதான். பொறியியலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நெறிமுறைகள் இன்னும் கறாரானவை. அங்கே 65க்கும் 75க்கும் இடைப்பட்டவர் மருத்துவக் காரணமோ விளையாட்டுப் பங்கேற்போ சான்றுடன் காட்ட வேண்டும். அதற்கும் குறைந்தால் செமஸ்டர் திரும்ப.

இந்த விதியைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் நோக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒழுக்கம் வேண்டும் என்கிறது ஒரு தரப்பு, சுதந்திரம் வேண்டும் என்கிறது மறுதரப்பு. விதியை ஒரு பிரதியாக வைத்து, அதன் படிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, அதன் அளவுகோல் அளக்க வேண்டியதை அளக்கிறதா, அது தரும் தண்டனை அதன் நோக்கத்துக்கு உதவுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விதிக்குரிய நியாயத்தைத் தந்துவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு முதல் பட்டப் படிப்புக்கு 2003இல் வகுத்த குறைந்தபட்சத் தரநிலை, மாணவர் வருகை சாதாரணமாக 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றது. முறைசார் கல்வி வழியாகப் பெறும் பட்டம் என்பது, பாடம் தெரியும் என்பதற்கு மட்டுமான சான்று அன்று. ஆசிரியர் முன்னிலையில், சக மாணவர்களோடு, ஓர் ஒழுங்கில் கற்றதற்கும் சேர்த்துத் தரப்படும் சான்று. தனியே படித்துத் தேறுகிறவருக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு வேண்டுமானால் வருகையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்த அடிப்படை உறுதியானது. 'தேர்வில் தேறினால் போதாதா?' என்ற கேள்வி இதை அசைப்பதில்லை.

சமூக நியாயம் ஒன்றும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவிக்கு வகுப்பறைக்கு மாற்று கிடையாது. தனிப்பயிற்சியோ, பாடம் தெரிந்த அண்ணனோ, ஆங்கில நூல்களைத் தானே படித்துக்கொள்ளும் பழக்கமோ அவளிடம் இல்லை. வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்ற விதி, 'இன்றைக்கு ஒருநாள் கடையைப் பார்த்துக்கொள்', 'மாமா வீட்டு விசேஷத்துக்கு முன்கூட்டியே போய் உதவு' என்று சொல்லும் வீட்டாரிடம் அவள் காட்டக்கூடிய ஒரே கேடயம். விதியை எதிர்ப்பவர்கள் இதை எடைபோடுவதே இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1993இல் டேவிட் ரோமர் அமெரிக்காவின் தேர்ந்த பல்கலைக்கழகங்களின் பொருளாதார வகுப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருவதில்லை என்று கண்டு எழுதிய கட்டுரையிலிருந்து இந்த விவாதம் சூடுபிடித்தது. 2010இல் மார்கஸ் கிரெடேயும் அவர் சகாக்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அளந்தார்கள். வருகைக்கும் பாட மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு 0.44, கல்வி ஆய்வில் இது கணிசமான எண். ஆனால் வருகையைக் கட்டாயமாக்கும் விதிகள் சராசரி மதிப்பெண்ணில் உண்டாக்கிய உயர்வு சிறியது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. வருவது பயன் தருகிறது என்பது ஒரு முடிவு. வரவைப்பது அதே அளவு பயன் தருகிறது என்பது வேறொரு முடிவு. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதும் நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்வதே நம் கல்விக்குழுக்களின் பழைய தருக்கப் பிழை.

அதே 2010இல் டாப்கின், கில், மேரியன் ஆகியோர் மூன்று பெரிய பொருளாதார வகுப்புகளில், இடைத்தேர்வில் நடு மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மட்டும் வருகையைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களின் வருகை, சற்று மேலே இருந்தவர்களுடையதைவிட 36 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. இது விதியின் பக்கம் நிற்கும் சான்று, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2021இல் வெளியான கபூர், ஊஸ்டர்வீன், வெப்பிங்க் ஆய்வு எதிர்த்திசையில் நிற்கிறது. முதலாண்டு மதிப்பெண் குறைந்தவர்களை இரண்டாமாண்டு முழுவதும் கட்டாய வருகைக்கு உட்படுத்தியபோது, மற்றவர்கள் வருகையைத் தாங்களே முடிவுசெய்யக்கூடிய பாடங்களில், கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் வருகை கூடியது, மதிப்பெண் குறைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. முன்னதில் தலையீடு பருவத்தின் நடுவில், ஒரு குறிப்பிட்ட பாடத்தில், அந்தப் பாடத்திலேயே தடுமாறியவர்மீது விழுந்தது. பின்னதில் அது ஆண்டு முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக விழுந்தது. நம் விதி பின்னதன் இனம்.

இனி அளவுகோல். ஆண்டுக்கு 180 நாள், செமஸ்டருக்கு 90 நாள் என்று வைத்துக்கொண்டால் 75 விழுக்காட்டுக்கு 68 நாள் வேண்டும். ஆக 22 நாள் விடுப்பு எடுக்கலாம். டெங்குக் காய்ச்சல் ஒன்று வந்தாலே இதில் பாதி போய்விடும். ஆனாலும் 22 நாள் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கல் அந்த எண்ணில் இல்லை, எண்ணும் முறையில் இருக்கிறது. பல கலைக் கல்லூரிகளில் கணக்கு நாள் கணக்கு. ஒரு மணி நேரம் தவறினால் அரைநாள் போச்சு. நாள்தோறும் முதல் மணிக்குப் பேருந்து தாமதத்தால் பிந்தி வருகிற மாணவரும், மதியத்துக்குமேல் வேலைக்குப் போய்விடுகிற மாணவரும் பதிவேட்டில் ஒரே எண்ணாக நிற்கிறார்கள். ஒருவர் இழந்தது ஒரு பாடத்தை, மற்றவர் இழந்தது பல பாடங்களை. மொத்த விழுக்காடு இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. மொத்தத்தில் 80 வைத்திருக்கும் ஒருவர் கணிதத்தில் மட்டும் பாதி வகுப்புக்குப் போகாமல் இருக்கலாம். அவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அளக்க வேண்டியது ஒவ்வொரு பாடத்தின் கற்றல் இழப்பு என்றால், இந்தக் கருவி அதற்குப் பழுதானது.

ஓ.டி. (ஆன் டியூட்டி) என்ற பிரிவு இந்தப் பழுதைப் பெரிதாக்குகிறது. மாநில அளவிலான கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போன மாணவருக்கும் ஓ.டி., கல்லூரி விழாவுக்கு நாற்காலி அடுக்கியவருக்கும் ஓ.டி. இரண்டும் வருகையாகவே ஏறுகின்றன. வகுப்பில் இல்லாதவர் இருந்ததாகப் பதிவாவதை விதியே ஏற்கிறதென்றால், நண்பன் கொடுக்கும் ப்ராக்ஸியை அது எந்த அறத்தின் பேரில் கண்டிக்கும்? இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஒன்றில் அனுமதி இருக்கிறது, மற்றதில் ஏமாற்று இருக்கிறது. ஆனால் கற்றல் இழப்பு என்ற ஒரே அளவில் இரண்டும் சமம், விதி அளப்பதாகச் சொல்வது அதைத்தான்.

என் முதன்மையான குறை தண்டனைப் படிகளைப் பற்றியது. நடுவில் உள்ள இரண்டையும் உற்றுப் பாருங்கள். 65 முதல் 74 வரை உள்ளவர் கட்டணம் கட்டுகிறார். அவர் தவறவிட்ட வகுப்புகளில் ஒன்றுகூட அதனால் ஈடாகவில்லை. சிறப்பு வகுப்போ கூடுதல் பயிற்சியோ இல்லை. பணம் இருப்பவருக்கு அது ஒரு சிறு தொகை. இல்லாதவருக்கு அது வீட்டில் கேட்கக் கூசும் தொகை. ஒரே குறைபாட்டுக்கு இருவரும் வெவ்வேறு விலை கொடுக்கிறார்கள். 50 முதல் 64 வரை உள்ளவர் நிலை இதைவிட விசித்திரமானது. அவர் இந்த முறை தேர்வு எழுதக் கூடாது. ஆனால் அடுத்த முறை, தவறவிட்ட பாடத்தின் ஒரு வகுப்பிலும் உட்காராமலேயே, அதே பாடத்தில் தேர்வு எழுதலாம். ஆறு மாதத்துக்கு முன் தகுதியற்றவராக இருந்தவர், எதையும் கூடுதலாகக் கற்காமல், காலம் கடந்த காரணத்தாலேயே தகுதி பெறுகிறார். வகுப்பில் இருப்பது கற்றலுக்கு இன்றியமையாதது என்ற தன் அடிப்படையை விதியே இந்தப் படியில் கைவிடுகிறது. நான்கு படிகளில், வகுப்பில் உட்காரச் சொல்வது கடைசிப் படி ஒன்றுதான். அதன் விலையோ மிகப் பெரிது: ஒரு செமஸ்டர் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், தவறியவர் தன் தோழர்களைப் பிரிந்து ஓராண்டு பின்தங்குகிறார்.

இத்தனையும் எப்போது தெரியவருகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் 'லாக் ஆஃப் அட்டெண்டன்ஸ்' பட்டியல் ஒட்டப்படும்போது, திருத்திக்கொள்ள ஒரு வேலைநாளும் மிச்சமிருக்காது. மாதந்தோறும் மெண்டார் அழைத்துப் பேசுகிற, பெற்றோருக்குத் தகவல் அனுப்புகிற கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றை மதிக்கிறேன். ஆனால் அது அந்தக் கல்லூரிகளின் பண்பு. விதி அதைக் கேட்கவில்லை.

இந்தக் குறையைத்தான் தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தொட்டது. வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்ட ஒரு சட்ட மாணவர் 2016இல் உயிர்நீத்ததையடுத்து உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்டு, பின்னர் தில்லிக்கு மாற்றிய வழக்கு அது. சட்டக் கல்லூரிகளில் வருகைக் குறைவுக்காக எந்த மாணவரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வாரந்தோறும் வருகை நிலையைத் தெரிவிக்க வேண்டும், மாதந்தோறும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும், அதற்குப் பிறகும் குறைந்தால் மதிப்பெண்ணில் அதிகபட்சம் 5 விழுக்காடு குறைக்கலாம் என்றும் வழிகாட்டியது. 70 விழுக்காடு கேட்கும் தன் விதிகளை மறுபரிசீலனை செய்யும்படி இந்திய பார் கவுன்சிலுக்கும் சொன்னது.

தீர்ப்பின் சிறப்பு அதன் வரிசைமுறை. முதலில் தகவல், அடுத்து ஈடுசெய்யும் வாய்ப்பு, கடைசியில் அளவான தண்டனை. நம் நான்கு படிகளில் இல்லாத ஒழுங்கு இது. அதன் குறை, அது தரும் தண்டனையும் கற்றலை அளக்கும் மதிப்பெண்ணிலேயே கைவைக்கிறது என்பது. பாடத்தை நன்றாக அறிந்த ஒருவரின் மதிப்பெண்ணைக் குறைத்தால், அந்த மதிப்பெண் அவருக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொல்லாது. வருகையைச் சான்றிதழில் தனியே குறிப்பிடுவது இதைவிட நேர்மையானது. வேலை தருபவரும் மேற்படிப்புக்குச் சேர்ப்பவரும் அதைப் பார்த்துத் தாமே முடிவுசெய்வார்கள்.

கட்டாய வருகைக்கு எதிராகச் சொல்லப்படும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக உதாரணத்தை இரண்டு பக்கமும் மிகையாகப் பயன்படுத்துகிறார்கள். 2017 டிசம்பரில் அங்கே வருகை கட்டாயமாக்கப்படும்வரை அது இல்லாமலேயே அந்தப் பல்கலைக்கழகம் தரத்தோடு இயங்கியது உண்மை. ஆனால் ஆய்வாளர்களும் முதுகலை மாணவர்களும் நிறைந்த, விடுதியிலேயே வாழும் ஒரு வளாகத்தின் பழக்கத்தை, நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வரும் இளங்கலை மாணவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

விதி தன் முழு வலிமையோடு நிற்கும் இடம் மருத்துவக் கல்வி. கோட்பாட்டு வகுப்புக்கு 75, செய்முறைக்கும் நோயாளர் பயிற்சிக்கும் 80 விழுக்காடு என்று அங்கே கேட்கப்படுகிறது. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதைப் பிறகு புத்தகத்தில் ஈடுசெய்ய முடியாது. அங்கே இருப்பதே கற்றல். வராதவர் கற்கவில்லை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். வேதியியல் ஆய்வகத்துக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் இந்த நியாயத்தை, அறுபது பேர் அமர்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரை வகுப்புக்குக் கடன் வாங்க முடியாது.

இன்னொரு சமமின்மையையும் சொல்லியாக வேண்டும். மாணவரிடம் 75 விழுக்காடு கேட்ட அதே 2003ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கற்பித்தல் நாள்கள் ஆண்டுக்கு 180க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் கடமையைப் பல்கலைக்கழகத்திடம் வைத்தது. முதல் பாதிக்குப் பதிவேடு, பட்டியல், கட்டணம், தடை எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பாதிக்கு எதுவும் இல்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்து, கௌரவ விரிவுரையாளர் வந்து சேரும்வரை பாடம் நடக்காத வாரங்களில் மாணவரின் வருகைக் கணக்கு என்ன ஆகிறது? வகுப்பு நடக்காத மணிகளிலும் பதிவேடு நிரம்புகிறது. மாணவர் வளாகத்தில் இருந்ததை அது சொல்லும், பாடம் நடந்ததைச் சொல்லாது. இருபக்க ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் செயல்படுத்தும் விதி, நியாயம் என்ற அளவில் பாதிதான் தேறும்.

ஆக, என் தீர்ப்பு இது. வருகையைப் பதிவு செய்வது சரி. இன்னும் கண்டிப்பாக, பாடவாரியாக, நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். செய்முறையிலும் நோயாளர் பயிற்சியிலும் குறைந்தபட்ச வருகையைத் தகுதியாக வைப்பது சரி. விரிவுரைப் பாடங்களில் வருகைக் குறைவுக்காகத் தேர்வைத் தடுப்பது தவறு. பருவத்தின் ஆறாவது வாரத்திலேயே குறையைக் கண்டு கூடுதல் வகுப்புக்கு அழைப்பதுதான் அதன் இடத்தில் வர வேண்டியது. கண்டோனேஷன் கட்டணத்துக்கு எந்தக் கல்விசார் நியாயமும் இல்லை. விதியின் மற்ற பகுதிகளை மாற்ற ஆசிரியர் நியமனமும் நிதியும் ஆண்டுகளும் தேவைப்படலாம். கட்டணப் பிரிவை நீக்க, பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவும் ஆட்சிக்குழுவும் ஒருமுறை கூடித் தீர்மானித்தால் போதும். அந்தக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்க வேண்டும்.